சீஸ் வெட்டுகிறவன்

சுவரில் மாட்டியிருந்த வெள்ளை விரிப்பில் ஸ்லைட் புரொஜெக்டரின் அடுத்த படம் விழுந்ததும், தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த சந்திரவதனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதுவரை அவள் கணவர் இந்திரகுமார், மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியிலிருந்த தங்கள் வீட்டு ஹோலில் கூடியிருந்தவர்களுக்கு மார்ல்ஃபர்ட் என்ற பழைய ஆங்கிலேயப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி அலுவலாக இங்கிலாந்து போனவர், கிடைத்த ஒரேயொரு சனிக்கிழமையை அங்கே கழித்துவிட்டு வந்து, கோட்டையையும் ஆற்றுப் பாலத்தையும் தானே கல் சுமந்து கட்டியவர்போல் அளந்து கொட்டினார்.

இப்போது சந்தை. நூற்றாண்டுகளாக அதே சதுக்கத்தில் கூடுகிற சந்தையாம்.

அதன் ஓரத்துக் கடையில் ஒரு கறுத்த மனிதன் சீஸ் வெட்டிக்கொண்டு நின்றான்.

சிறிதரன்!

அவளுடைய முதல் புருஷன். கப்பல் மூழ்கி ஒருவரும் தப்பவில்லை என்று தந்தி வந்து, உடல் கிடைக்காததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, அந்தியேட்டிச் சடங்கும் முடித்த மனிதன். அதற்கு எத்தனையோ காலம் கழித்துத்தான், ஊர் வாய்க்குப் பயப்படாமல் இந்திரகுமாரைக் கட்டிக்கொண்டு அவள் மெல்பேர்ண் வந்தாள். சிறிதரனின் படம் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை. இந்திரகுமாருக்கு அந்த முகம் தெரியாது.

அதே முன்வழுக்கை. கழுத்தை முன்னே நீட்டி நிற்கும் அதே நிலை.

அவன் உயிரோடு இருந்தால், இந்த வீட்டில் அவள் யார்?

பிறகுதான் கத்தி பிடித்த கையைப் பார்த்தாள். வலக்கை.

சிறிதரன் சுத்த இடக்கைக்காரன். தாலி முடிச்சையே இடக்கையால் போடப்போய், ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுக் கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது. வலக்கையால் அவனுக்கு ஒரு வெங்காயம் வெட்டத் தெரியாது.

அப்பாடா. இது யாரோ ஒருவன். சாயலில் ஒத்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இல்லை!

போன உயிர் திரும்பி வந்தது. அவன் இல்லையே என்று எங்கோ கொஞ்சம் வலிக்கவும் செய்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு யோகா அன்ரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னே சாய்ந்தார். "தம்பி, அந்தக் கடைப் போர்ட்டில எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியிறமாதிரி மறுபக்கமாக் கிடக்குது."

இந்திரகுமார் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஸ்லைடைத் திருப்பிப் போட்டுவிட்டாராம்.

விரிப்பு வெறுமையாயிற்று. மறுபடி படம் விழுந்தபோது எழுத்துகள் நேராக இருந்தன.

சிறிதரன் இடக்கையால் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப சரிதானே?" என்று இந்திரகுமார் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.