உடும்பின் மூணு நாலு மூணு

உடும்பு ஒன்று செல்போனில் கால்பந்து மேனேஜர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களை எத்தனையோ விதமாக மாற்றி நிறுத்தியும் அதன் அணி ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருந்தது. பத்தாவதிலும் தோற்றால் மேனேஜர் பதவி போய்விடும் என்று கிளப் கடிதம் அனுப்பியிருந்தது.

"பின்னால நாலு, நடுவுல நாலு, முன்னால ரெண்டுன்னு நிறுத்தினேன், தோத்தோம். மூணு அஞ்சு ரெண்டு, அதுலயும் தோத்தோம். இன்னைக்கு மூணு நாலு மூணு," என்றது உடும்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரி திரையை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, முதல் ஆட்டத்துல கோல்கீப்பருக்குக் கால் சுளுக்கினப்ப முன்னால ஆடுற ஒரு ஃபார்வர்டைக் கோல்ல நிறுத்தினீங்க. இன்னும் அவன்தான் நிக்கிறான். கோல்கீப்பர் குணமாகி ஏழு வாரமா பெஞ்சுல இருக்கான்."

"குறுக்கே பேசாதே. வியூகம் கலையுது."

உடும்பு தண்ணீர் குடிக்கப் போனது. அந்த நேரத்தில் கீரி ஃபார்வர்டை பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, கோல்கீப்பரைக் கோலில் நிறுத்தியது.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. பதவி தப்பியது. உடும்புக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அது காட்டு விலங்குகளை எல்லாம் கூட்டி, மணலில் வட்டங்கள் போட்டு, மூணு நாலு மூணு பற்றி இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தது. கடைசியில், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றது.

"அண்ணே, கோல்கீப்பர்?" என்று கேட்டது கீரி.

"அவன் இந்தக் கணக்குலயே வரமாட்டான்," என்று உடும்பு பொறுமையாக விளக்கியது. "மூணும் நாலும் மூணும் பத்து. கூட்டிப் பாரு."