ஒரு மணிக்கு ஒரு பள்ளம்

"உங்க வீட்டுக்காரரைப் பார்த்தா மட்டும் உங்க ஊசிக்கு வெட்கம் வந்துடுதுக்கா" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

ஊசியைச் செய்தவள் சிரிக்கவில்லை. வரைபடத் தாள்களை வாங்கி மேஜைமேல் விரித்தாள். மூன்று மாதக் கோடு. காலையிலிருந்து மாலைவரை 7.40 என்று நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. மதியம் ஒரு மணிக்கு மட்டும் ஒரு பள்ளம். அரை மணி நேரம். பிறகு மறுபடியும் நூல்.

ஒரு மணிக்குத்தான் அவர் சாப்பாடு கொண்டுவருவார். அவர் வராத இரண்டு நாட்களில் பள்ளமே இல்லை.

ஊசி அவளுடையது. ஆன்டிமனி என்ற உலோகத்தில் செய்த மெல்லிய எலெக்ட்ரோடு; நோயாளியின் தசையில் செருகினால் அங்கே அமிலம் ஏறுகிறதா என்று பிஎச் எண்ணாகச் சொல்லும். இரண்டு வருட உழைப்பு. தினமும் பீக்கரில் புதுக் கரைசல் ஊற்றி, ஊசியை நிறுத்தி, ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்கும் கடைசிப் பரீட்சை இது.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா இதோட மூடிடலாம்" என்று ஆய்வகத் தலைவி காலையில் போனில் சொல்லிவிட்டார். "தினம் அரை மணி நேரம் பொய் சொல்ற ஊசியை ஆள் உடம்புல குத்த முடியாது."

என்னென்னவோ பார்த்தாகிவிட்டது. மின்சாரம், அறையின் சூடு, மேஜையின் அதிர்வு. உலோக ஊசிக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: சுற்றிலும் ஆக்சிஜன் ஏறினாலோ இறங்கினாலோ எண்ணை மாற்றிச் சொல்லும். ஆனால் அறையில் இருப்பது நாள் முழுக்க ஒரே காற்று. அந்தச் சந்தேகத்தை முதல் வாரமே அடித்துவிட்டாள்.

"பேசாம அவரை நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்கக்கா."

சொல்லலாம். ஏன் என்று அவர் கேட்கமாட்டார். 'சரிம்மா' என்பார். அதனால்தான் சொல்ல மனம் வரவில்லை.

படியில் காலடி கேட்டது. நாலு படி, ஒரு நிறுத்தம். நாலு படி, ஒரு நிறுத்தம். அந்தச் சத்தத்திலேயே அவளுக்குப் பாதிப் பசி அடங்கிவிடும்.

"என்ன, ரெண்டு பேரும் என்னைப் போலீஸ் மாதிரி பார்க்கறீங்க?" என்றார் அவர், கதவில் சாய்ந்து நின்று.

"ஏங்க, உங்கமேல ஒரு புகார் வந்திருக்கு. அப்படி உட்காருங்க."

வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து, வழக்கம்போல முகத்தைப் பீக்கருக்குமேல் நீட்டினார். எண்களைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம். 7.40 மெல்ல இறங்கி 7.31-இல் நின்றது.

"பாருங்க, பாருங்க" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

சாப்பாட்டுப் பையை வெளியே வைத்தார்கள். மாறவில்லை. போனை அணைத்தார்கள். கைக்கடிகாரம், பெல்ட், மோதிரம் எல்லாம் மேஜைமேல் வந்தன.

"சட்டை மட்டும் இருக்கட்டும். இந்தப் பொண்ணு பயந்துடும்" என்றார்.

"ஒரு நிமிஷம் மூச்சை அடக்குங்க. மூச்சுக்காற்று படுதோ என்னவோ."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "என்கிட்டப் போயா மூச்சை அடக்கச் சொல்றே?"

"சரி, அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க."

போனார். எண் நிதானமாக ஏறியது. 7.35. 7.38. 7.40. திரும்பக் கூப்பிட்டாள். 7.31.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு. இனிமே அவர்கிட்ட கழட்ட என்னக்கா இருக்கு?"

அந்தக் கேள்விக்காக அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம். காலையில் நரையைக் கேலி செய்த முகம். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது, பிறகு மறுபடியும் சிரிப்பு.

"என்னம்மா, குற்றவாளி நான்தானா?"

"நீங்கதான். நாளைக்கு ஒரு மணிக்கு இல்ல, பத்து மணிக்கே வந்துடுங்க. தலைவி முன்னாடி நீங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"அப்ப காரணம்?" என்று கேட்ட பக்கத்து மேஜைக்காரி, அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

காதுகளின் பின்னாலிருந்து வந்து அவர் மூக்கினடியில் சேர்ந்திருந்தது, தோள்பைச் சிலிண்டரின் மெல்லிய ஆக்சிஜன் குழாய். மூன்று மாதத்துக்கு முன் அவர் அதோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அதைப் பார்க்கச் சகிக்காமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதவள், அது கண்ணில் படாமலே எப்போது வாழப் பழகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊசி மட்டும்தான் ஒருநாளும் மறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.