சாம்பியன் தோற்க மாட்டார்

பத்துப் பேரையும் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டு சோபாவில் சரிந்தார் அவர். நெற்றியில் வியர்வை. ஆயுதம் இன்னும் கையிலேயே இருந்தது.

"ம், உன் முறை," என்றார் மனைவியிடம்.

டிவி திரையில் விழுந்து கிடந்த பத்துக் கட்டைகளும் மறுபடி எழுந்து நின்றன. கையிலிருக்கும் ரிமோட்டை வீசினால் திரையில் பந்து உருண்டு கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் வீடியோ விளையாட்டு. மனைவி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, அக்காவோடு பேசியபடியே கையை வீசினாள். அதுவரை முன்னணியில் இருந்தவளின் கடைசிப் பந்து, வழக்கம்போல் ஓரப் பள்ளத்தில் போய் விழுந்தது.

கடைசி நேரப் பதற்றம் பாவம் இவளுக்கு ஒத்துவராது என்று பரிதாபப்பட்டார்.

அவருக்கு ஆபீசில் கணக்குப் பிரிவு. வீட்டில் பெறும் வெற்றிகளை மறுநாள் டீயோடு சேர்த்து விநியோகித்ததில் 'சாம்பியன்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அந்தப் பட்டத்துக்குச் சோதனை. மேலாளர் எல்லோரையும் நிஜமான பவுலிங் கூடத்துக்கு அழைத்திருந்தார்.

உதவி மேலாளர் நாற்காலி காலி. அதில் யாரை உட்கார வைப்பது என்பதை மேலாளர் அந்தக் கூடத்தில்தான் முடிவு செய்வார் என்பது பியூன் வரை தெரிந்த ரகசியம். அவரிடம் பாந்தமாகத் தோற்றவர்கள் மேலே போனார்கள். தெரியாத்தனமாக ஜெயித்துவிட்ட ஒருவர் குடோனில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கு ஒரு நாள் தோத்துட்டு வந்துடுங்களேன். எத்தனை வருஷமா அதே சீட்டுல உக்காந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"இந்தக் கைக்குத் தோக்கத் தெரியாது. குடோனுக்கே போனாலும் சரி."

பந்துக்கு எடை உண்டு என்பதே கூடத்துக்குப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அவருக்கு முன் ஆடிய கேஷியர், நாற்காலிக்கு இன்னொரு போட்டியாளர், விரல் சுளுக்கிக்கொண்டதாக முகத்தைச் சுளித்துப் பந்தைப் பள்ளத்தில் இறக்கினார். சார் கைராசி யாருக்கு வரும் என்று பெருமூச்சும் விட்டார். மேலாளர் கொட்டாவி விட்டார்.

சாம்பியன் பல்லைக் கடித்துக்கொண்டு, முழு மூச்சாக ஜெயிக்கவே வீசினார். பந்து பள்ளத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு பந்து கையை விட மறுத்து, அவரையும் பளபளத்த தரையில் கொஞ்ச தூரம் இழுத்துப் போனது. இன்னொன்று பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்தது. கடைசி வரை அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மேலாளர் அவரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார்.

"எங்கிட்ட தோத்தவங்க ஏகப்பட்ட பேர். எல்லாம் பச்சை நடிப்பு. இவ்ளோ இயல்பா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு யாரும் தோத்ததில்ல. அந்த சீட் உங்களுக்குத்தான்."

"சார், நான் நிஜமாவே..."

"பாத்தீங்களா, இப்பகூட விட மாட்டேங்கறீங்க."

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர் வாயில் கதை தயாராகிவிட்டது. பெரிய மனிதர், சந்தோஷப்பட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாராம். பந்து தானாகக் கட்டையை நோக்கித்தான் ஓடியதாம். இவர்தான் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பள்ளத்துக்கு அனுப்பினாராம்.

மனைவி துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் பந்துலேர்ந்தேவா?"

"முதல் பந்துலேர்ந்தே. ஒரு கட்டைகூட விழாம பாத்துக்கிட்டேன்."

"அப்ப நிஜமாத்தான் தோத்திருக்கீங்க. விட்டுக்குடுக்கறவங்க கடைசிப் பந்து வரைக்கும் காத்திருப்பாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "பெரிய நிபுணி. உனக்கெப்படித் தெரியும்?"

மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"உங்ககிட்ட நான் அப்படித்தானே தோக்கறேன்."