ஐந்தாவது ரிவர்ஸ்

ஆஸ்திரேலியக் கடலோர ஊரான செடுனாவின் கேரவன் பார்க்கில் வெயில் சாய்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மெர்வின், காருக்குப் பின்னால் பூட்டிய கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, ஐந்தாவது முறையாக ரிவர்ஸ் எடுக்கிறார். ஓரடி தப்பினால் பக்கத்துக்காரர் தன் கேரவனை ஒட்டிப் போட்டிருக்கும் புத்தம்புதுத் துணிப் பந்தல் போய்விடும். மடக்கு நாற்காலிகளில் பீரோடு ஆறு பார்வையாளர்கள். இதைவிட்டால் பார்க்கில் வேறு கச்சேரி கிடையாது. கண்ணாடியில் தெரியவே தெரியாத இடத்தில் நின்று மனைவி நொரீன் கையசைக்கிறாள். “இடது பக்கம்னேன்.” “எனக்குத் தெரியும், நொரீன்.” “இது உன் ஸ்கூல் இல்ல மெர்வ். இறங்குப்பா.” இறங்குகிறார். அவள் ஏறி ஒரே வீச்சில் நிறுத்துகிறாள். பந்தல் பிழைக்கிறது. “இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?” “அப்பா பண்ணையில குதிரைய ஏத்துற டிரெய்லர நான்தானே காருல பூட்டி ஓட்டுவேன். நீ கேட்டாத்தானே.” யாரோ நீட்டிய பீரை வாங்கிக்கொண்டு, காலியான நாற்காலி ஒன்றில் மெர்வின் பொத்தென்று உட்கார்கிறார். கார்ச் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.