காசியம்மாள் ஒளித்த பாவம்

"அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கம்மா, ஜெபம் பண்ணணும்."

போதகர் தமிழ்மணி சொன்னதும் காசியம்மாள் கணவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பொன்னன் தலை நிமிரவில்லை. வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, புளியம்பழத்தைத் தட்டித் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! பாஸ்டர் வந்திருக்காருய்யா!" என்று கத்திப் பார்த்தாள். "ம்ஹூம். இந்த மனுசனுக்கு இடி வுழுந்தாலும் கேக்காதுங்க. திட்டினாக்கூடத் திருப்பித் திட்ட ஆளில்ல. அதுபாட்டுக்குத் தட்டட்டும், வுடுங்க பாஸ்டர்."

பொம்மிடி சபையில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். போன வருஷம் மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் பொன்னனின் இரண்டு காதுகளையும் அடைத்துவிட்டுப் போயிற்று. தானாகத் திரும்பினால்தான் உண்டு என்று தர்மபுரி டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த ஜெபக் கூட்டமானாலும் காசியம்மாளின் விண்ணப்பம் அந்தக் காதுகள்தான். அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெபேக்காள். அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

"நான் இன்னிக்கு அவருக்காக வரலம்மா, உங்களுக்காகத்தான் வந்தேன்" என்றார் போதகர். "லெந்து நோன்பு நாள் ஆரம்பிச்சாச்சு. திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் முன்னால வர்றாங்க. நீங்க மட்டும் பெஞ்சை விட்டு எந்திரிக்கறதே இல்ல. ஏம்மா?"

"முட்டி வலிங்க."

"கோயில் கூட்டறப்ப மட்டும் அந்த முட்டி வலிக்கிறதில்லையா?"

வசமாக மாட்டிக்கொண்டாள் காசியம்மாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"பாஸ்டர், உள்ளுக்குள்ள பாவத்த ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஜெபம் பண்ணா ஆண்டவர் கேக்க மாட்டாருன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க?"

"ஆமா, நான்தான் சொன்னேன்."

"அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முன்னால வர்றதுங்க? இந்த மனுசன் காது தொறக்கணும்னு உபவாசம் இருந்தாச்சு. எண்ணெ பூசி ஜெபிச்சாச்சு. சேலத்துல நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்கும் கூட்டிட்டுப் போயாச்சு. ஒண்ணும் நடக்கல. எப்படிங்க நடக்கும்? குத்தம் எங்கிட்ட இல்ல இருக்குது!"

புளி தட்டும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. போதகரும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"என்ன குத்தமா இருந்தாலும் எங்கிட்டச் சொல்ல வேண்டாம்மா. யாருக்கு விரோதமாச் செஞ்சீங்களோ, அவங்ககிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்க. சமாதானமாயிட்டு வாங்க. அதான் முறை."

காசியம்மாள் மூக்கைச் சிந்தியபடி பொன்னனைக் கை காட்டினாள்.

"இவருகிட்டயா?"

"ஆமாங்க. செவிடன் காதுல சங்கு ஊதற கதைதான். எழுதிக் காட்டலாம்னா ரெண்டு பேருக்குமே படிப்பு இல்ல. ஜாடையில காட்டலாம்னா, சாபத்துக்கு ஏதுங்க ஜாடை?"

"வாயாலயே சொல்லுங்கம்மா. அவருக்குக் கேக்காட்டிப் போவுது, ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார் போதகர்.

காசியம்மாள் சாக்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். புளி ஒட்டியிருந்த கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், நாந்தான்யா உன் காதக் கெடுத்தவ" என்று ஆரம்பித்தாள். "அன்னைக்கு சூடா களி கிண்டி வெச்சிட்டு வா வான்னு தொண்ட கிழியக் கூப்புட்டன். நீ கேக்காத மாதிரியே செல்லுல படம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. களி ஆறிக் கல்லாப் போச்சு. எனக்கு வந்த ஆத்தரத்துல, 'கேக்காத காது இருந்தா என்ன, அவிஞ்சு போனா என்ன'ன்னு வாய வுட்டுட்டன். அடுத்த வாரமே காய்ச்சல் வந்துது. பாவி, இந்த வாயாலதான்யா உன் காது போச்சு. ஒருத்தருகிட்டயும் சொல்லாம மறச்சிட்டன். என்னை மன்னிச்சிருய்யா."

அதற்கு மேல் பேச முடியாமல் அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பொன்னனின் கண்களும் நிறைந்திருந்தன. மனைவி அழுவதைப் பார்த்து, விவரம் தெரியாமல் அவரும் அழுகிறார் என்று நினைத்தார் போதகர். எழுந்து இருவர் தலையிலும் கை வைத்துக் கண்களை மூடினார்.

"அன்புள்ள ஆண்டவரே, உம்முடைய மகள் தன் பாவத்தை..."

"கொஞ்சம் இருங்க பாஸ்டர்" என்று பொன்னன் குறுக்கிட்டார். "ஆமென் போடறதுக்கு முந்தி என்னோட பாவத்தையும் சேத்துக்கங்க. கிறிஸ்மஸ் அன்னைக்குக் கோயில் மணி அடிச்சப்பவே எனக்குக் காது தொறந்துடுச்சுங்க."

காசியம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"அடுத்த நாள் காலையில சொல்லிடலாம்னுதான் இருந்தனுங்க" என்றார் பொன்னன், அவள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல். "ஆனா விடியறதுக்கு முந்தியே இவ என் தலமாட்டுல முட்டி போட்டு, 'ஆண்டவரே, எங்க ராசாவுக்குக் காதக் குடுங்க'ன்னு அழுதா பாருங்க! கல்யாணம் ஆன நாள்லருந்து இவ என்னை ராசான்னு கூப்புட்டதே இல்லீங்க பாஸ்டர். காது கேக்குதுன்னு சொன்னா, அதோட அந்த ஜெபத்த நிறுத்திப்புடுவாளே!"