முதல் வரிசை

"அந்த ஒரு குழந்தையை உக்கார வெச்சிடுங்க மேடம். அவ்ளோதான் நாங்க கேக்கறது."

தலைமை ஆசிரியையின் மேஜைமேல் கடிதத்தை வைத்தார் டைம்கீப்பர். இருபத்திரண்டு பெற்றோர் கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது.

பஸ் டிப்போவில் வேலை அவருக்கு. ரெண்டு நிமிஷம் தாமதமாக வரும் பஸ்ஸைக்கூட சிவப்பு மையில் குறித்துவைக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் கண்ணில் மகளின் மூன்றாம் வகுப்பு, விளையாட்டு பீரியடில் ஆண்டுவிழா ஆட்டம் பழகும் வீடியோ பட்டால் சும்மா இருப்பாரா? முப்பத்தாறு பிள்ளைகள், டிரம் சத்தத்துக்குக் காலை முன்னே வைத்து, பின்னே வைத்து, கைதட்டி, ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அந்த மெதுவுக்கு ஆமை தோற்றது! அதே ஆட்டத்தைப் பக்கத்து செக்‌ஷன் பிள்ளைகள் பம்பரமாய்ச் சுழன்று ஆடுகிறார்கள்.

வீட்டில் மகளைக் கேட்டார்.

"எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கு வேகமா வராதுப்பா. அதான் டீச்சர் மெதுவா அடிக்கறாங்க" என்றாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி.

ஒருத்தருக்காக மிச்சம் முப்பத்தைந்து பேரும் காத்துக்கிடப்பதா? அதிலும் அவர் மகள் நிற்பது முதல் வரிசையில், நட்டநடுவில். டிப்போவில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பூரித்திருப்பார்! ஆண்டுவிழா மேடையில் அவள் திறமை வீணாகப் போக விடுவாரா? அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் சேர்த்துவிட்டார்.

பி.டி. டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கழுத்தில் விசில், தோளில் டிரம்மோடு வந்து நின்று கடிதத்தைப் படித்தார்.

"'.......... என்ற குழந்தையை ஆண்டுவிழா நிகழ்ச்சியில் சேர்க்க வேண்டாம்'... பேர் எழுதற இடம் காலியா இருக்கே சார்?"

"யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்க சொன்னா எழுதிடலாம்."

"சொல்லமாட்டேன்."

"டீச்சர்!" என்றார் தலைமை ஆசிரியை.

"சொல்லமாட்டேன் மேடம். என் கிளாஸ்ல யாரும் உக்காரக்கூடாது. அதுக்குத்தான் ஓரமாக் கிடந்த பெஞ்சைக்கூடத் தூக்கி வெளியில போட்டேன். யாரையாவது உக்கார வெச்சே ஆகணும்னா என்னை உக்கார வைங்க."

டைம்கீப்பருக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன டீச்சர், திமிரா?"

"ஆமா சார். இந்த விஷயத்துல திமிர்தான்."

"சரி, நானே கண்டுபிடிக்கறேன். எது லேட்டுன்னு பாக்கறதுதான் என் பொழைப்பு. ரெண்டு நிமிஷம் போதும் எனக்கு."

மூவரும் ஹாலுக்குப் போனார்கள். பிள்ளைகள் ஆறு வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் வரிசையிலிருந்து மகள் பார்த்தாள். அப்பா பெருமையாகத் தலையசைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"வேகமா அடிங்க டீச்சர்."

"மாட்டேன்."

"அப்ப டிரம்மைக் குடுங்க."

டீச்சர் அசையவில்லை. தலைமை ஆசிரியை முறைத்த பிறகுதான் டிரம் கை மாறியது.

டைம்கீப்பர் அடித்தார் பாருங்கள் ஒரு அடி! பிள்ளைகள் முதலில் திணறினார்கள், அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். அவர் பார்வை மகளின் தலைக்கு மேலாக நேரே கடைசி வரிசைக்குப் போனது. மக்குப்பிள்ளை வேறெங்கே நிற்கும்? ஆனால் கடைசி வரிசை கச்சிதமாக ஆடியது. அதற்கு முந்தின வரிசையும் பிசகவில்லை. அவர் இன்னும் வேகத்தைக் கூட்டினார்.

திடீரென்று டிரம்மோடு ஒட்டாமல் வேறொரு சத்தம் கேட்டது.

தொம்... தொம்... தொம்...

பிள்ளைகள் பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர் ஓங்கி அடித்தார். அவர்கள் அதைவிட ஓங்கித் தரையை மிதித்தார்கள். அத்தனை கால்களுக்கு முன்னால் ஒற்றை டிரம் எடுபடுமா?

"ஏய், டிரம்மைக் கேட்டு ஆடுங்க!" என்று கத்தினார்.

"மாட்டோம் அங்கிள்!"

கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. முன்பல் ரெண்டும் விழுந்த ஒரு வாண்டு.

"முன்னாடி நிக்கறவங்களைப் பாத்துதான் ஆடணும். அதான் எங்க கிளாஸ் ரூல்."

"இரும்மா. யாரு மெதுவா ஆடறாங்கன்னு பாத்துட்டிருக்கேன்."

"அதுக்கு ஏன் எங்களையே பாக்கறீங்க?" வாண்டுக்கு ஆச்சரியம். "சீக்கிரமா கத்துக்கிட்டவங்கதான் கடைசி வரிசை. மெதுவா வர்றவங்க முதல் வரிசை. ரொம்ப மெதுவா வர்றவங்க அதுல நடுவுல. அவங்களை விட்டுட்டு யாரும் ஓடிடக்கூடாதுல்ல?"

டைம்கீப்பரின் குச்சி நின்றது. மெல்லப் பார்வையை இறக்கினார்.

முதல் வரிசையின் நட்டநடுவில் அவர் மகள், உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் கலங்கி, ஆனாலும் விடாமல் காலை முன்னே வைத்தாள். பின்னே வைத்தாள். மற்ற முப்பத்தைந்து பேரும் அந்தக் காலைப் பார்த்தே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், ஆள் தெரிஞ்சுதா?" தலைமை ஆசிரியை கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "பேரை எழுதிடுங்க."

பேனாவை வாங்க அவருக்குக் கை ஒழியவில்லை. மகளின் காலையே பார்த்துப் பார்த்து, அது தரையில் படும்போதெல்லாம் ஒவ்வொரு அடியாக, மெதுவாக டிரம் அடித்துக்கொண்டிருந்தார்.