பொம்மையின் இடது கை

"மாத்த மாட்டேன் சார். இடது கை அவ்வளவுதான் தூக்கும்" என்றாள் தூபா, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு.

பாண்டி பஜாருக்குப் பின்னால், மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஸ்டுடியோ. டைரக்டர் ராகவேந்திரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத பெண்.

அவருடைய படத்தில் ஹீரோவுக்கு டூப் போடுபவர் பாபு மாஸ்டர். அடையாறில் பாதி கட்டி நிற்கும் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் அவர் விளிம்பு வரை ஓடி வருவதை எடுத்தாகிவிட்டது. குதிப்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவரே குதிப்பதா, கம்ப்யூட்டர் பொம்மையைக் குதிக்க வைப்பதா என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும்.

பாபுவும் வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையில் பொம்மை குதித்தது. வலது கை மேலே எழும்பியது. இடது கை தோளோடு நின்றுவிட்டது.

"இன்னா மேடம் இது, பஸ்ல கம்பியைப் புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி கீது? இதுக்குப் பேரு ஜம்ப்பா? சார், நான் கீறேன். பொம்மை வேணாம்."

"அவர் சொல்றது சரிதாம்மா. ரெண்டு கையும் மேல போகணும். அந்த ஒரு கீ ஃப்ரேமை மட்டும் மாத்து" என்றார் ராகவேந்திரன்.

கீ ஃப்ரேம் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. விளிம்பிலிருந்து காலை எடுக்கும்போது கை எங்கே, பாதி வழியில் எங்கே, தரையை நெருங்கும்போது எங்கே என்று முக்கியமான நிலைகளை மட்டும் தூபா வைத்துக் கொடுப்பாள். நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொள்ளும். இடது கையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைக்க ஒரு நிமிடம் போதும்.

"ஒரு நிமிஷ வேலைக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?"

"மாஸ்டரைப் பார்த்துத்தானே சார் பொம்மையைச் செய்யச் சொன்னீங்க? மாஸ்டருக்கு இடது கை தோளுக்கு மேல வராது."

பாபுவின் முகம் சிவந்துவிட்டது. "யார் சொன்னது உனுக்கு? பொம்மையை ஆட்டுறதோட நிறுத்திக்கோ. என் கையைப் பத்தி நீ பேசாத."

"பொய்னா தூக்கிக் காட்டுங்க மாஸ்டர்."

ராகவேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தூக்குங்க பாபு."

பாபு இரண்டு கைகளையும் உயர்த்தினார். வலது கை விறைப்பாக மேலே போயிற்று. இடது கை தோள் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். நெற்றி வியர்த்ததுதான் மிச்சம்.

"எப்பலேருந்து இப்படி?"

"போன படத்துல கண்ணாடியை ஒடச்சிக்கினு விழுந்தப்போ. ஒண்ணியும் இல்ல சார். கீழ அட்டைப்பெட்டியை அடுக்கிட்டா கண்ணை மூடிக்கினு குதிச்சிருவேன்."

"ஒரு கையை வச்சுக்கிட்டு எப்படிய்யா சமாளிப்பே? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? வேணாம். பொம்மையே குதிக்கட்டும்."

"அப்ப மாத்திடறேன் சார்" என்றாள் தூபா. பொம்மையின் இடது கையைப் பிடித்து மேலே இழுத்து வைத்தாள். மறுபடி ஓட்டியபோது பொம்மை இரண்டு கைகளையும் விரித்து அழகாகக் குதித்தது.

"இத்தினி வருசப் பொழப்பு. மவுஸை ஆட்டி மண்ணைப் போட்டுட்டியே" என்றார் பாபு. "நீ நல்லாருப்பியா?"

"நல்லாருப்பேன்" என்றாள் தூபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தபடி ராகவேந்திரன் காரில் ஏறிப் போய்விட்டார்.

பாபு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தூபா கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து, அவருடைய செருப்பைக் காலால் நகர்த்தி அவர் பக்கம் வைத்தாள்.

"வாங்க அத்தா, போலாம். அம்மா சாப்பிடாம காத்துட்டிருப்பாங்க."

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் சோறு கீதா, இல்ல அதையும் உன் பொம்மைக்கே போட்டுடுவியா?"